கெய்ரோவில் போனது 38,400 ரூபாய்: வவுச்சரை டிக்கெட் என்று நம்பிவிடாதீர்கள்

எகிப்திலிருந்து திரும்பி இன்றோடு மூன்று நாள். பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. ஆறிப்போவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நான் ஏமாந்த அதே பக்கம் இன்றைக்கும் இணையத்தில் இருக்கிறது, அதே படம், அதே நான்கரை நட்சத்திரம். இந்த நிமிஷம் யாரோ ஒருவர் அதில் பணம் கட்டிக்கொண்டிருப்பார்.

போனது 38,400 ரூபாய். நான்கு பேருக்கு. உள்ளே கால்கூட வைக்காத ஒரு மியூசியத்துக்கு.

அப்பா அரசுப் பள்ளியில் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 72. எகிப்து பாடம் நடத்தும்போது பழங்கால எகிப்தின் இளம் மன்னன் துட்டன்காமனின் பொன் முகமூடியைக் கரும்பலகையில் அவரே வரைவார். மஞ்சள் சாக்பீஸ், நீலச் சாக்பீஸ், நெற்றியில் கழுகும் பாம்பும். அவர் வகுப்பில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். 1922 நவம்பர் 4 அன்று ஆங்கிலேய அகழ்வாய்வாளர் ஹோவர்டு கார்ட்டரின் ஆட்கள் துட்டன்காமன் கல்லறையின் முதல் படிக்கட்டைக் கண்ட கதையை அவர் சொன்னால் மணி அடித்தும் யாரும் எழுந்திருக்க மாட்டோம். அந்தக் கல்லறையிலிருந்து எடுத்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களையும் முதல்முறையாக ஒரே இடத்தில் வைத்து, கிசா பிரமிடுகளுக்குப் பக்கத்தில் கிராண்ட் எகிப்தியன் மியூசியம் என்ற புது மியூசியத்தை 2025 நவம்பரில் முழுதாகத் திறந்தார்கள். செய்தியைப் பார்த்த அன்றைக்கே அப்பாவைக் கூட்டிப்போவது என்று முடிவு செய்தேன். அப்பா, அம்மா, நான், பத்து வயது மகள்.

டிக்கெட் எடுக்கத்தான் தப்பான இடத்துக்குப் போனேன். மியூசியத்துக்கென்று அதிகாரபூர்வ தளம் இருக்கிறது. நாங்கள் போனபோது வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு 1,450 எகிப்திய பவுண்டு, சிறுவர்களுக்கு அதில் பாதி. எங்கள் நான்கு பேருக்கும் பத்தாயிரம் ரூபாய்க்குள் முடிந்திருக்கும். நான் தேடியபோது முதலில் வந்து நின்றது அந்தத் தளம் இல்லை. உலகம் முழுக்கச் சுற்றுலா டிக்கெட், கைடு, வண்டி எல்லாம் சேர்த்து விற்கும் ஓர் இடைத்தரகுத் தளம். பெயர் சொல்லப் போவதில்லை. இந்த மாதிரித் தளம் எது என்று பயணம் போகிறவர்களுக்குத் தெரியும். நான் சொல்வது ஒன்றுக்கு மட்டும் பொருந்துவதும் இல்லை.

'வரிசையில் நிற்க வேண்டாம். உறுதி செய்யப்பட்ட நுழைவு. உரிமம் பெற்ற கைடு. துட்டன்காமன் அரங்கு உட்பட.' நான்கு பேருக்கு 38,400 ரூபாய். அதிகம்தான், தெரிந்தேதான் கொடுத்தேன். அம்மாவுக்கு முட்டி வலி, அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், கூடவே நடந்து விளக்கிச் சொல்ல ஒரு ஆள் இருந்தால் நல்லது என்று நினைத்தேன்.

ஆனாலும் உடனே கட்டவில்லை. இரண்டு நாள் யோசித்தேன். தளத்தில் இருந்த எண்ணில் வாட்ஸ்அப்பில் கேட்டேன். உள்ளூர் ஏற்பாட்டாளர் தரப்பில் ஒரு பெண் பேசினார், பொறுமையாக, அழகான ஆங்கிலத்தில். நான் பணத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கும்போது அவராகவே கேட்டார்: "உங்கள் பெற்றோருக்கு எவ்வளவு நேரம் நடக்க முடியும்? அம்மாவுக்குச் சக்கர நாற்காலி சொல்லி வைக்கட்டுமா? அதற்குத் தனிக் கட்டணம் வேண்டாம்." அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். எங்கள் ஊரில் ஆஸ்பத்திரிக்குப் போனால்கூட நாமாகக் கேட்கும்வரை நாற்காலி வராது. முகம் தெரியாத ஒருவர் என் அம்மாவின் முட்டியை நினைத்துப் பார்க்கிறாரே என்று மனசு இளகிவிட்டது. போனை வைத்த ஐந்தாவது நிமிஷம் கிரெடிட் கார்டில் 38,400 ரூபாய் கட்டிவிட்டேன்.

உடனே ஒரு வவுச்சர் வந்தது. மேலே மியூசியத்தின் படம், எங்கள் நான்கு பேர் பெயர், தேதி, காலை 9 மணி, கீழே பெரிதாக ஒரு கியூஆர் கோடு. அப்பா அதைக் கலரில் பிரின்ட் எடுத்து, பாஸ்போர்ட் வைத்திருந்த பிளாஸ்டிக் உறையில் மடிக்காமல் வைத்துக்கொண்டார்.

மியூசியத்தைப் பயணத்தின் கடைசிக்கு முந்தின நாளுக்கு வைத்திருந்தோம். அதற்கு முன் லக்சர் போனோம். மன்னர் பள்ளத்தாக்கில் துட்டன்காமனின் கல்லறைக்குள் இறங்கினோம். அவன் உடல் இன்னும் அங்கேதான் இருக்கிறது, கண்ணாடிப் பெட்டிக்குள், கறுத்துச் சுருங்கிய சின்ன முகம். அப்பா வெகுநேரம் அங்கே நின்றார். வெளியே வந்ததும், "முகத்தைப் பாத்தாச்சும்மா. இனிமே முகமூடியப் பாத்துட்டா எல்லாம் பாத்த மாதிரி" என்றார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தத் தளத்தின் ஆட்களுக்கு இது ஒரு 'புக்கிங் எண்' மட்டும்தான்.

மியூசியம் போன அன்று காலை 8.42க்கு வாசலில் இறங்கினோம். டாக்சி ரசீதில் நேரம் இருக்கிறது. முக்கோணம் முக்கோணமாக வெளிச்சத்தில் பளபளக்கும் அந்த நீண்ட முகப்புச் சுவரை மகள் படம் எடுத்தாள், அதில் 8.46. கைடு இல்லை. நாற்காலி இல்லை. அந்தப் பெண்ணுக்கு அழைத்தேன். "டிராஃபிக், பதினைந்து நிமிடம்" என்றார். 9.20க்கு, "கைடு உள்ளே இருக்கிறார், நீங்களே வவுச்சரைக் காட்டி வாருங்கள்" என்றார். போனோம்.

வாசலில் இருந்த இளைஞன் கருவியை அந்தக் காகிதத்தின் மேல் மூன்று முறை காட்டினான். மூன்று முறையும் சிவப்பு. அப்புறம் தன் போனை எடுத்து அந்தக் கியூஆர் கோடைப் படித்து, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினான். அந்த இடைத்தரகுத் தளத்தின் பக்கம் திறந்திருந்தது, எங்கள் புக்கிங் எண்ணோடு. அவ்வளவுதான். அது மியூசியத்தின் கோடே இல்லை. "மேடம், இது டிக்கெட் இல்லை. டிக்கெட்டுக்குப் பணம் வாங்கிக்கொண்டதற்கான சீட்டு" என்று நிதானமாகச் சொன்னான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த நாள் முழுக்க எனக்கு உண்மை சொன்ன ஒரே ஆள் அவன்தான்.

பிறகுதான் சூட்சுமம் புரிந்தது. மியூசியத்தில் கூட்டம் தாங்காமல் நுழைவை நேர வாரியாகப் பிரித்து, டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டியே விற்கிறார்கள். இந்த ஏற்பாட்டாளர்கள் நம்மிடம் முதலில் பணத்தை வாங்கிக்கொள்கிறார்கள். டிக்கெட்டை அதற்கப்புறம்தான் தேடுகிறார்கள். கிடைத்தால் நமக்கு யோகம். கிடைக்காவிட்டால் 'டிராஃபிக்'.

நின்ற இடத்திலேயே அதிகாரபூர்வ தளத்தைத் திறந்து பார்த்தேன். அன்றைக்கு ஒரு இடமும் இல்லை. மறுநாளும் இல்லை. மறுநாள் இரவு எங்களுக்கு விமானம். ஓர் ஆள் வந்து ஆளுக்கு 100 டாலர் கொடுத்தால் உள்ளே அனுப்புகிறேன் என்றான். இரண்டாம் முறை ஏமாற நான் தயாராக இல்லை.

10.20க்கு அந்தப் பெண், "டிக்கெட் வழங்கிக்கொண்டிருக்கிறார்கள்" என்றார். 11.05க்கு, "நீங்கள் தாமதமாக வந்ததால் ஸ்லாட் ரத்தாகிவிட்டது" என்றார். சக்கர நாற்காலி பற்றிக் கேட்ட அதே குரல், அதே பொறுமை. அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக் இன்று வரை ஒற்றை டிக்காகவே இருக்கிறது.

அம்மா தரையில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். அப்பா அந்தப் பிளாஸ்டிக் உறையைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "விடும்மா, கட்டடத்தப் பாத்தாச்சுல்ல" என்றார். 83 டன் எடையுள்ள, மன்னன் இரண்டாம் ராம்செஸின் சிலை அந்தக் கட்டடத்தின் முகப்புக் கூடத்தில் நிற்கிறது. அதைக்கூட அவர் பார்க்கவில்லை.

அப்புறம் ஆரம்பித்தது தளத்தோடு மல்லுக்கட்டு. முதலில் தானியங்கி அரட்டை, மூன்று பொத்தான்கள், எதிலும் 'டிக்கெட் போலி' என்ற தேர்வு இல்லை. நாற்பது நிமிடம் கழித்து ஓர் ஆள் வந்தார். "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று நான்கு முறை எழுதினார். "நாங்கள் வெறும் இடைத்தரகர், ஏற்பாட்டாளரிடம் 48 மணி நேரத்தில் விளக்கம் பெறுவோம்" என்றார். கார்டில் பணம் பிடித்தது உங்கள் பெயரில்தானே என்று கேட்டேன். பதில் இல்லை, அரட்டை மூடிக்கொண்டது. 48 மணி நேரம் கழித்து மின்னஞ்சல் வந்தது: வாடிக்கையாளர் குறித்த நேரத்தில் வரவில்லை என்று ஏற்பாட்டாளர் தெரிவித்துள்ளதால் பணம் திரும்பத் தர இயலாது. டாக்சி ரசீது, வாசலில் எடுத்த படம், அழைப்புகளின் பட்டியல் எல்லாவற்றையும் அனுப்பினேன். 'ஏற்பாட்டாளரின் பதிவே இறுதியானது' என்றார்கள். இன்னும் கத்தியதற்கு, அடுத்த புக்கிங்கில் பயன்படுத்திக்கொள்ள 2,000 ரூபாய் கூப்பன் தருகிறார்களாம். 38,400 ரூபாயை விழுங்கிவிட்டு, திரும்பவும் அவர்களிடமே வாங்க 2,000 ரூபாய்!

நேற்று ராத்திரி அந்தப் பக்கத்து விமர்சனங்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். முன்பே செய்திருக்க வேண்டியது. ஐந்து நட்சத்திரம் போட்டவர்களில் பாதிப் பேர் பிரமிடு அருகே ஒட்டகச் சவாரி நன்றாக இருந்தது என்று எழுதியிருக்கிறார்கள். வேறு எதற்கோ வாங்கிய நட்சத்திரங்களை இந்த டிக்கெட்டுக்குக் கீழே கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார்கள். மியூசியத்துக்கு என்று எழுதியவர்களைத் தேடினால் என்னைப் போலவே வாசலில் நின்ற இரண்டு பேர், மூன்றாம் பக்கத்தில், ஒற்றை நட்சத்திரத்தோடு.

கடைசி நாள் சும்மா இருக்க மனமில்லாமல் கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில் இருக்கும் பழைய மியூசியத்துக்குப் போனோம். 1902ல் திறந்த ரோஜாநிறக் கட்டடம். வெளியே ஒருவன், "இப்போது குழுக்களுக்கு மட்டும்தான், ஒரு மணிக்குத்தான் திறப்பார்கள், அதுவரை பாப்பிரஸ் (நாணல் தாள்) கடையைப் பாருங்கள்" என்று கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிட்டான். நேராகக் கவுன்டருக்கு நடந்தோம், திறந்துதான் இருந்தது. எகிப்தின் ஆதி மன்னன் நார்மரின் கற்பலகையை அப்பா முன்னும் பின்னும் பார்த்தார். தானிஸ் என்ற பழைய நகரத்தில் கிடைத்த, மன்னன் முதலாம் சூசென்னஸின் வெள்ளிச் சவப்பெட்டியும் பொன் முகமூடியும் இருக்கின்றன. அந்த முகமூடி முன்னால் நின்று, "இதுவும் தங்கந்தான்" என்றார். எனக்காகச் சொன்னார் என்று தெரியும்.

மதியம் கெய்ரோவின் ஃபுஸ்தாத் பகுதியில் இருக்கும் எகிப்திய நாகரிக தேசிய மியூசியம். அரச மம்மிகளை 2021 ஏப்ரலில் ஊர்வலமாக அங்கே கொண்டுபோய்விட்டார்கள். இரண்டாம் ராம்செஸின் மம்மி முன்னால் அப்பா என் மகளைக் கூப்பிட்டு, "இவரு மூக்குக்குள்ள மிளகு வெச்சிருந்தாங்க, தெரியுமா? மூவாயிரத்து இருநூறு வருஷம் முந்தி. நம்ம மலைப் பக்கத்து மிளகு" என்று மெதுவாகச் சொன்னார். பயணத்திலேயே அவர் பழைய வாத்தியார் குரலில் பேசிய ஒரே இடம் அது. அந்தக் குரலைத் துட்டன்காமன் அரங்கில் கேட்பதற்காகத்தான் நான் 38,400 ரூபாய் கட்டினேன்.

போகிறவர்கள் கவனமாக இருப்பதற்கு விரிவாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். டிக்கெட்டை மியூசியத்தின் சொந்தத் தளத்தில் மட்டும் எடுங்கள், விமான டிக்கெட் போட்ட உடனே எடுங்கள். கைடு வேண்டுமென்றால் தனியாகப் பேசுங்கள், டிக்கெட்டை அவர் கையில் விடாதீர்கள். வவுச்சர் வந்தால் அதிலுள்ள கியூஆர் கோடை உங்கள் போனிலேயே படித்துப் பாருங்கள், விற்றவனின் பக்கம் திறந்தால் சந்தேகப்படுங்கள். துட்டன்காமன் முகமூடி தஹ்ரீரில் இருக்கிறது என்று இன்னும் சில பழைய பக்கங்கள் விற்கின்றன, அது இப்போது அங்கே இல்லை. முக்கியமான இடத்தைப் பயணத்தின் கடைசியில் வைக்காதீர்கள். வாசலில் இறங்கியதும் ஒரு படம் எடுத்துவிடுங்கள், ரசீதை அழிக்காதீர்கள்.

இன்று காலை வங்கியில் கார்டு கட்டணத்தை எதிர்த்துப் புகார் கொடுத்துவிட்டேன். சேவை கிடைக்கவில்லை என்பதற்கு ஆதாரம் கேட்கிறார்கள். டாக்சி ரசீதும் வாசல் படமும் போதுமா, வாட்ஸ்அப் உரையாடலை எப்படிக் கொடுக்க வேண்டும் என்று ஏற்கெனவே இப்படிப் போராடிப் பணத்தை மீட்டவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.