எஸ்கேப்பும் கெந்திங்கும்: பூங்கா எழுப்பிய இரு வழிகள்

பள்ளி விடுமுறை வந்தால் மலேசியாவின் பினாங்குக் குடும்பங்களில் ‘எஸ்கேப்பா, கெந்திங்கா’ என்ற பேச்சு எழும். எனக்கோ அவ்விரு கேளிக்கைப் பூங்காக்களை உருவாக்கியவர்களின் போக்கில் உள்ள வேறுபாடே சுவையாகப் படுகிறது.

கெந்திங் நிறுவனம் 2013இல் டுவென்டியத் சென்சுரி ஃபாக்ஸ் என்ற ஹாலிவுட் திரைப்பட நிறுவனத்தின் பெயரை நம்பி மலையுச்சியில் பூங்கா அமைக்க முனைந்தது. ஃபாக்ஸை டிஸ்னி வாங்கவிருந்த வேளையில் ஒப்பந்தம் முறிந்து, 2018இல் வழக்காகி, மறு ஆண்டு சமரசமாகி, 2022 பிப்ரவரியில்தான் ‘ஸ்கைவோர்ல்ட்ஸ்’ என்ற சொந்தப் பெயரில் அது திறக்கப்பட்டது. இரவல் பெயருக்குக் கொடுத்த விலை சிறிதன்று.

பினாங்கின் தெலுக் பகாங்கில் சிம் சூ கெங் 2012இல் திறந்த எஸ்கேப்போ, திரைப்பட நாயகர் எவரையும் நாடாமல், மரங்களையும் மலைச்சரிவையுமே முதலாகக் கொண்டது. அங்கே பார்வையாளர் ஏறவும் தொங்கவும் வேண்டும். இயந்திரம் அவரைச் சுமப்பது குறைவு. 1,111 மீட்டர் நீளமுள்ள அதன் குழாய் நீர்ச்சறுக்கு கின்னஸ் சாதனை பெற்றதும் அச்சரிவின் தயவால்தான்.

புதிய பூங்கா தொடங்க எண்ணுவோர்க்கு எஸ்கேப்பின் வழியையே நான் பரிந்துரைப்பேன். பாட்டியும் உடன் வருவதாயின், குளிருக்கு ஒரு சால்வையோடு கெந்திங்குக்கே போகலாம்.