ராமநாதபுரத்தில் மூன்று மாத மேலாண்மை வகுப்பு: போகலாமா?

மண்டபத்தில் கருவாட்டு வியாபாரம் பார்க்கிற நான், ஞாயிறுதோறும் பஸ் ஏறிப்போய்ப் படித்தேன். பாடம் முழுக்க 1911இல் டெய்லர் என்ற அமெரிக்கப் பொறியாளர் சொன்ன அறிவியல் மேலாண்மைதான், அதாவது வேலையை அளந்து பார்த்துச் சீராக்குவது. சரி, உப்பு எவ்வளவு வீணாகிறது என்று எழுதிப் பார்க்க அங்கேதான் கற்றேன், அதற்கு ஒரு கும்பிடு.

ஆனால் ஏப்ரல் 15இலிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு போகாதபோது ஆட்களை எப்படித் தக்கவைப்பது என்று கேட்டால், சார் போர்டில் கட்டம் போட்டு அம்புக்குறி இழுத்தார். உப்பு போடும் அக்காக்களுக்கு முன்பணம் கொடுக்காவிட்டால் மறுபடி வரமாட்டார்கள் என்பது அந்த அம்புக்குறியில் இல்லை. டாக்டர் தொழில் மாதிரி மேலாண்மையும் கைப்பழக்கத்தில் வருவது, என்ன, உரிமம்தான் கிடையாது. 1908இல் தொடங்கிய அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளியே நிஜ நிறுவனங்களின் சிக்கலை வைத்துத்தான் விவாதிக்க விடுகிறது. இங்கே ஒரு கடைக்குக்கூடக் கூட்டிப்போகவில்லை.

ஐந்துக்கு இரண்டரை. அந்த அரை, இடைவேளை டீக்கு.