ஸ்மார்ட் கண்ணாடி வாங்கும் முன்: அது எதை நம்பி நிற்கிறது என்று பாருங்கள்

பார்வையற்றவர்களுக்கு உதவும் ஸ்மார்ட் கண்ணாடி என்று தேடிப் பார்த்தால் எல்லா நிறுவனமும் ஏறக்குறைய ஒரே பட்டியலைத்தான் நீட்டும். எழுத்தைப் படிக்கும், எதிரே என்ன இருக்கிறது என்று சொல்லும், தேவைப்பட்டால் ஓர் ஆளைத் தொடர்பில் கொண்டுவரும். அந்தப் பட்டியலை வைத்து ஒப்பிட்டால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால் நான் வேறு கேள்வியில் ஆரம்பிப்பேன். இந்தக் கண்ணாடி எதை நம்பி நிற்கிறது? தனக்குள் இருக்கும் சிப்பையா, உங்கள் போனையா, இணையத்தையா, மறுமுனையில் இருக்கும் மனிதரையா? அது தெரிந்தால் எந்த இடத்தில் காலை வாரும் என்பதும் தெரிந்துவிடும்.

மூன்றை எடுத்துக்கொள்வோம்: ஆர்கேம் மைஐ, என்விஷன் கண்ணாடி, ரே-பான் மெட்டா.

ஆர்கேம் மைஐ, சரியாகச் சொன்னால், கண்ணாடியே இல்லை. விரல் நீளத்தில் ஒரு கருவி, எடை 22.5 கிராம். நீங்கள் ஏற்கனவே போட்டிருக்கும் கண்ணாடியின் பக்கவாட்டுக் கையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும். கார்களுக்கான ஓட்டுநர் உதவித் தொழில்நுட்பம் செய்யும் மொபைல்ஐ நிறுவனத்தைத் தொடங்கிய அம்னோன் ஷஷுவாவும் ஜிவ் அவிராமும் 2010இல் இஸ்ரேலில் ஆரம்பித்த நிறுவனத்தின் தயாரிப்பு இது. படிப்பதற்கு இணையம் வேண்டாம், போனும் வேண்டாம்.

என்விஷனை நெதர்லாந்தில் தொடங்கியவர்கள் கார்த்திக் மகாதேவன், கார்த்திக் கண்ணன் என்ற இருவர். (ஆமாம், இரண்டு பேருமே கார்த்திக்.) 2020இல் வந்த இவர்களின் கண்ணாடி, கூகுள் கிளாஸ் எண்டர்பிரைஸ் எடிஷன் 2 என்ற கருவியின் மேல் இவர்களுடைய மென்பொருளை ஏற்றியது. 2023 மார்ச்சில் கூகுள் அந்தக் கருவியின் விற்பனையையே நிறுத்திவிட்டது. என்விஷன் தன் பயனர்களைக் கைவிடவில்லை. பிறகு சோலோஸ் நிறுவனத்தின் கண்ணாடிகளுக்கும் தன் ஏஐ உதவியாளரைக் கொண்டுபோனது. ஆனாலும் மென்பொருள் ஒருவருடையது, கருவி இன்னொருவருடையது என்றால் என்ன நடக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா, ரே-பான் பிராண்டோடு சேர்ந்து விற்கும் ரே-பான் மெட்டா பார்வையற்றவர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டதே அல்ல. 2023இல் வந்த மாடல் படம் எடுக்கவும் பாட்டு கேட்கவும் பேசவும் உருவானது. 12 மெகாபிக்சல் கேமரா, காதை அடைக்காத ஸ்பீக்கர், ஐந்து மைக். பார்வையற்றவர்கள் அதை எடுத்துத் தங்கள் வேலைக்குப் பயன்படுத்த ஆரம்பித்த பிறகுதான் நிறுவனம் அந்தப் பக்கம் திரும்பியது. பெருவாரியாக விற்கும் பொருள் என்பதால் மற்ற இரண்டைவிட விலை மிகக் குறைவு. யாரும் இதை உதவிக்கருவி என்று அடையாளம் காணவும் மாட்டார்கள். சிலருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

படிக்கும் வேலை

மூன்றுக்கும் உண்மையான வித்தியாசம் இங்கேதான் வெளியே வரும். கையில் ஒரு கடிதம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்கேமில் காகிதத்தின் மேல் ஆள்காட்டி விரலை நீட்டினால் போதும். விரலைக் கண்டுகொண்டு, படம் எடுத்துப் படிக்கத் தொடங்கும். நிறுத்த வேண்டுமா, 'போதும்' என்பதுபோல் கையைக் காட்ட வேண்டும். மணிக்கட்டைத் திருப்பி வாட்ச் பார்ப்பதுபோல் செய்தால் நேரம் சொல்லும். கொஞ்சம் பார்வை மிச்சம் இருப்பவருக்கு இந்த விரல் முறை அருமையாகப் பொருந்தும். எந்தப் பத்தி வேண்டும் என்று அவரால் காட்ட முடியும். முழுக்கப் பார்வை இல்லாதவருக்கு, காகிதத்தில் எழுத்து எங்கே இருக்கிறது என்பதே தெரியாதபோது, விரல் காட்டுவதில் பெரிய லாபம் இல்லை. பட்டனை அழுத்தி முழுப் பக்கத்தையும் படிக்கவைப்பதுதான் வழி.

என்விஷன் இங்கே கெட்டிக்காரன். பக்கத்தின் எந்த ஓரம் கேமராவுக்குள் வரவில்லை என்று வழிகாட்டி, சரியாக அமைந்ததும் தானே படம் பிடிக்கும். பல பக்கங்களை வரிசையாக எடுத்துவிட்டு ஒரே மூச்சில் கேட்கலாம். குறை என்னவென்றால் தலைப்பு, முகவரி, தொலைபேசி எண், ஓரத்தில் இருக்கும் பொடி எழுத்து என்று ஒன்று விடாமல் ஒப்பித்துக்கொண்டே வரும். விஷயத்துக்கு வருவதற்குள் பொறுமை போய்விடும். அதன் ஏஐ பகுதியிடம் "கடைசித் தேதி என்ன?" என்று நேரடியாகக் கேட்டுவிடுவது மேல்.

ரே-பான் மெட்டா இதற்கு நேர் எதிர். "இதைப் படி" என்றால் "இது ஒரு வங்கியிலிருந்து வந்த கடிதம்போல் தெரிகிறது" என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். வரிக்கு வரி படி என்று வற்புறுத்த வேண்டும். அப்போதும் நீளமான பக்கத்தில் சுருக்கப் பார்க்கும். 2025இல், இந்தக் கண்ணாடியோடு போனில் போட வேண்டிய மெட்டா ஏஐ செயலியின் அணுகல்தன்மை அமைப்புகளில் 'விரிவான பதில்கள்' என்ற ஒரு சுவிட்ச் வந்தது. வாங்கியவுடன் முதலில் போட வேண்டியது அதைத்தான். அதைப் போட்டால் எதிரே இருப்பதைப் பற்றிய விவரம் கூடும். ஆனால் கடிதத்தைச் சொல் மாறாமல் படிக்கும் கருவியாக அது மாறிவிடாது.

அதன் கேமரா ஃப்ரேமின் ஒரு மூலையில் இருக்கிறது, படமும் நின்ற வாக்கில்தான் விழும். காகிதத்தை மூக்குக்கு நேராகக் கிட்டத்தில் பிடித்தால் ஒரு பக்கம் வெட்டுப்படும், எழுத்தும் கலங்கும். நிமிர்த்திப் பிடித்து, கையை நீட்டி, கேமரா இருக்கும் பக்கம் லேசாக நகர்த்தினால் பலன் கிடைக்கும். நாலைந்து முறை செய்தால் கைக்குப் பழகிவிடும்.

தினமும் நிறையக் காகிதம் புரட்டுபவருக்கு ரே-பான் மெட்டாவை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏஐ ஒரு வரியை விட்டுவிட்டால் விட்டுவிட்டேன் என்று சொல்லாது. தெரியாததை ஊகித்து, தெரிந்ததுபோல அதே குரலில் சொல்லும். மாத்திரை அட்டையில் மை இல்லாமல் புடைப்பாக அச்சடித்த காலாவதித் தேதி இருக்கிறதே, அதில் மூன்று கருவிகளுமே திணறும். மருந்து விஷயத்தில் எந்தக் கருவியின் ஒற்றைப் பதிலையும் நம்ப வேண்டாம், மனிதரைக் கேளுங்கள்.

அப்புறம் மொழி. "தமிழ் உண்டா?" என்று விற்பவரிடம் கேட்டால் போதாது, அது மூன்று தனித்தனி இடங்களில் வருகிறது. கண்ணாடிக்குக் கட்டளை எந்த மொழியில் கொடுக்கலாம், எந்த எழுத்தைப் படிக்கும், எந்த மொழிக் குரலில் வாசிக்கும். ஒன்றில் ஆம் என்பதால் மற்ற இரண்டிலும் ஆம் என்று ஆகிவிடாது. வாங்கும் முன் ஒரு தமிழ்ச் செய்தித்தாளின் பக்கத்தை அதன் முன்னால் நீட்டிப் பாருங்கள். தமிழும் ஆங்கிலமும் கலந்து அச்சடித்த ஒரு ரசீது இருந்தால் இன்னும் நல்லது. அதில்தான் குரல் மாறத் தெரியாமல் தடுமாறும்.

மறுமுனையில் மனிதர்

ரே-பான் மெட்டா தன் குறைகளை ஈடுகட்டும் இடம் இது. டென்மார்க்கைச் சேர்ந்த, பார்வைக் குறைபாடு உள்ள ஹான்ஸ் யோர்கன் விபர்க் தொடங்கிய பீ மை ஐஸ் செயலி 2015 முதல் இருக்கிறது. பார்வையற்றவரையும் பார்வையுள்ள தன்னார்வலரையும் இலவசமாக வீடியோ அழைப்பில் இணைக்கும். 2024இல் அது இந்தக் கண்ணாடிக்குள் வந்தது. கண்ணாடியிடம் சொன்னால், உங்கள் மொழியில் பதிவு செய்த ஒரு தன்னார்வலருக்கு அழைப்பு போகும். நீங்கள் பார்க்கும் திசை அவருக்குத் தெரியும்.

போனிலேயே இது முடியுமே என்று கேட்கலாம். முடியும். ஆனால் ஒரு கையில் வெள்ளைக்கோல், இன்னொரு கையில் பை, போனை எந்தக் கையில் பிடிப்பது? "அட்டையைக் கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் சாயுங்கள்" என்று தன்னார்வலர் சொன்னால் இரண்டு கையாலும் சாய்க்க முடிவதும், போனைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் தடவுவதும் ஒன்றா என்ன?

என்விஷனிலும் இந்த வசதி உண்டு, ஆனால் கோணம் வேறு. உங்களுக்குத் தெரிந்த வீட்டாரையோ நண்பரையோ முன்கூட்டியே சேர்த்துவைத்து அவர்களை அழைக்கலாம். ஆய்ரா என்ற கட்டணச் சேவையின் பயிற்சி பெற்ற முகவர்களையும் கூப்பிடலாம். வங்கிக் கடிதம், மருத்துவ அறிக்கை மாதிரி அந்தரங்கமானவற்றுக்கு முகம் தெரியாத தன்னார்வலரைவிட இந்த வழிதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஆர்கேமோ தன் காலில் நிற்கும் கருவி. இணையம் வேண்டாம் என்பது அதன் பலம் என்றால், ஆளைக் கூப்பிட முடியாது என்பது அதன் விலை.

மூன்றில் எதுவும் கோலுக்கு மாற்று இல்லை. கேமரா கண் மட்டத்தில் இருக்கிறது. காலடியில் இருக்கும் பள்ளம் அதற்குத் தெரியாது, தெரிந்தாலும் நீங்கள் கேட்காமல் சொல்லாது. சாலையைக் கடக்கும்போது பேச்சை நிறுத்திவிட்டுக் காதை வண்டிகளுக்குக் கொடுங்கள்.

அமைக்கும்போது

ஆர்கேமில் அமைக்க அதிகம் இல்லை. மொழி, குரல், வேகம், அவ்வளவுதான். போன் பழக்கமே இல்லாத முதியவருக்கு வாங்குவதென்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே அதை முதலில் பார்ப்பேன்.

என்விஷனுக்கு வைஃபை வேண்டும். வீட்டில் சிக்கல் இல்லை. வெளியே போனால் போனின் ஹாட்ஸ்பாட்டைத்தான் நம்ப வேண்டும். ஐபோனில் யாரும் இணையாமல் சிறிது நேரம் இருந்தால் ஹாட்ஸ்பாட் ஓய்ந்துவிடும். கண்ணாடி இணையும்வரை அந்த அமைப்புப் பக்கத்தைத் திறந்தே வைத்திருங்கள். வலப்பக்கத் தொடுபரப்பில் விரலை முன்னும் பின்னும் தள்ளி, இருமுறை தட்டித் தேர்ந்தெடுக்கும் முறை, போன் திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக் அல்லது வாய்ஸ்ஓவர் பழகியவருக்கு உடனே பிடிபடும்.

ரே-பான் மெட்டாவில் முதல் நாள்தான் தலைவலி. செயலி புளூடூத், இருப்பிடம், வைஃபை என்று ஒவ்வொன்றாக அனுமதி கேட்கும். ஒன்றை மறுத்தாலும் பிறகு எங்கோ முட்டும், எதனால் என்று சொல்லாது. முதல் மென்பொருள் புதுப்பிப்பை முடித்துவிட்டுப் பழக ஆரம்பிப்பது நல்லது. பீ மை ஐஸ் செயலியில் கணக்குத் திறந்த பிறகு அதை மெட்டா ஏஐ செயலியில் தனியாக இணைக்க வேண்டும். இந்தச் சேவைகள் எல்லா நாட்டிலும் ஒரே நேரத்தில் வந்தவை அல்ல. உங்கள் நாட்டில் திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். படம் எடுக்கும்போது முன்பக்கம் ஒரு விளக்கு எரியும். அதை மறைத்தால் கேமரா வேலை செய்யாது, அது நல்லதுக்குத்தான். ஆனாலும் எதிரில் இருப்பவரிடம் "இது எனக்குக் கண்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

சார்ஜ் விஷயம். ரே-பான் மெட்டாவின் 2023 மாடலுக்கு ஏறக்குறைய 4 மணி நேரம், 2025இல் வந்த இரண்டாம் தலைமுறைக்கு 8 மணி நேரம் என்பது நிறுவனத்தின் கணக்கு. வீடியோ அழைப்பில் இருந்தால் இதைவிட மிக வேகமாக இறங்கும். பெட்டிக்குள் வைத்தால்தான் சார்ஜ் ஏறும், அதாவது அந்த நேரத்தில் அணிய முடியாது. பவர் போட்ட லென்ஸை அதிலேயே பொருத்தியவர் மாற்றுக் கண்ணாடி ஒன்றையும் பையில் வைத்திருக்க வேண்டும். என்விஷன் ஓடும் கூகுள் கிளாஸில் யுஎஸ்பி-சி வாய் கருவியிலேயே இருக்கிறது. பவர் பேங்க்கில் செருகி, போட்டுக்கொண்டே சார்ஜ் ஏற்றலாம்.

ஓரளவு பார்வை இருந்து, எழுத்தைப் பெரிதாக்கிக் கண்ணாலேயே படிக்க விரும்புபவருக்கு இந்த மூன்றும் உதவாது. அதற்கு ஈசைட் மாதிரி உருப்பெருக்கும் கருவிகள் தனி வகை.

காது கேளாதவர்களுக்கு

இங்கே போட்டி இரண்டு வழிகளுக்கு இடையில். பேச்சை எழுத்தாக லென்ஸில் காட்டுவது ஒன்று. 2022இல் வந்த எக்ஸ்ராய் இந்த வகை. ஒலியைக் கூட்டிக் கொடுப்பது இன்னொன்று. கண்ணாடி நிறுவனமான எசிலோர்லக்சோட்டிகாவின் நுவான்ஸ் ஆடியோ கண்ணாடிக்கு 2025இல் அமெரிக்க மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதி கிடைத்தது. அது லேசான முதல் மிதமான கேட்புக் குறைபாடு உள்ள பெரியவர்களுக்கு மட்டும். அதைத் தாண்டியவர்கள் எழுத்து வகைக்குத்தான் போக வேண்டும்.

எழுத்து வகையில் தாமதத்தைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். ஒருவர் பேசினால் எல்லாமே நன்றாக இருக்கும். நாலு பேர் மாறி மாறிப் பேசினால் யார் சொன்னது எது என்று தெரியாமல் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஓடும். வாங்கும் முன் போனிலேயே பேச்சை எழுத்தாக்கும் லைவ் டிரான்ஸ்கிரைப் போன்ற செயலியை வைத்து ஒரு முழுக் கூட்டத்தில் உட்கார்ந்து பாருங்கள். போனில் வராத வரி கண்ணாடியிலும் வரப்போவதில்லை. போனை மேசையில் பேசுபவருக்கு அருகே தள்ளி வைக்கலாம், கண்ணாடியின் மைக்கோ நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் இருக்கும்.