வாரண்டி முடிவதற்குள் ஒரு கியர்பாக்ஸ்

டூயல் கிளட்ச், அதாவது இரண்டு கிளட்சுகளை வைத்துத் தானே கியர் மாற்றும் ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை வாங்கி, கம்பெனி வாரண்டி தீரும்வரை கோயம்புத்தூரில் ஓட்டிய பிறகு இதை எழுதுகிறேன். கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆயிலில் ஓடாத உலர் வகை டூயல் கிளட்ச் உள்ள எந்தக் காருக்கும் இதில் பாதியாவது பொருந்தும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சேலம் பைபாஸில் இந்த வண்டியை ஓட்டுவது தனி சுகம். கியர் மாறுவதே தெரியாது, மிதித்த மாத்திரத்தில் பாயும், ஹைவேயில் மைலேஜும் மேனுவலுக்கு இணையாகக் கிடைக்கிறது. சஸ்பென்ஷன், ஏசி, பாடி எதிலும் குறை இல்லை. எல்லாத் தொல்லையும் கியர்பாக்ஸில்தான், அதுவும் சூடான பிறகுதான்.

காலையில் எடுத்தால் வெண்ணெய் மாதிரி போகும். சாயங்காலம் காந்திபுரம் நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்த பிறகு, இரண்டிலிருந்து ஒன்றாம் கியருக்கு இறங்கும்போது ஒரு உதறல். அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டிலிருந்து ரிவர்ஸில் மேடு ஏறினால் ஸ்டீயரிங் வரைக்கும் நடுங்கும், கூடவே கருகிய வாடை. ஒரு ஞாயிற்றுக்கிழமை குன்னூர் மலைப்பாதையில், பர்லியாருக்கு மேலே வண்டிகள் வரிசையாக நின்றபோது, டிரான்ஸ்மிஷன் சூடாகிவிட்டது, ஓரமாக நிறுத்தவும் என்று திரையில் எச்சரிக்கையே வந்துவிட்டது.

காரணம் ரகசியம் ஒன்றும் இல்லை. கிளட்ச் என்பது இன்ஜினைக் கியரோடு சேர்த்தும் பிரித்தும் விடும் பாகம். இந்த கியர்பாக்ஸில் 1, 3, 5 ஆகிய ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த கியர் தயாராகக் காத்திருக்கும். ஈர வகையில் கிளட்ச் ஆயிலில் ஓடும், சூட்டை ஆயில் கொண்டுபோய்விடும். உலர் வகைக்குக் காற்று மட்டும்தான். பிரேக்கை லேசாக விட்டதும் கார் தானாக ஊர்கிறதே, அப்போது கம்ப்யூட்டர் கிளட்சைப் பாதி பிடித்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறது. நம் ஊர் நெரிசலில் நாள் முழுக்க அந்தத் தேய்ப்புதான் நடக்கிறது.

சரி, வாரண்டிதான் இருக்கிறதே என்று சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அட்வைசர் லேப்டாப்பை மாட்டினார், எரர் கோட் எதுவும் இல்லை. பத்து மணி வெயிலில் காலி ரோட்டில் ஒரு சுற்று ஓட்டினார், ஒன்றும் வரவில்லை. "எல்லா வண்டியும் இப்படித்தான் சார், ஆட்டோமேட்டிக் ஓட்டிப் பழகணும்." புகாரையும் செய்த வேலையையும் குறிக்கும் ஜாப் கார்டில் ‘ஜெர்க் இருப்பதாக வாடிக்கையாளர் கூறுகிறார், சோதித்ததில் சரியாக உள்ளது’ என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். அடுத்த முறை சாஃப்ட்வேர் அப்டேட். அதற்கடுத்த முறை ‘அடாப்டேஷன்’, அதாவது கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதைக் கம்ப்யூட்டருக்கு மறுபடி கற்றுக்கொடுப்பது. அது செய்ததும் கொஞ்ச நாள் வண்டி பிரமாதமாக ஓடும். சூட்டில் கெட்டுப்போன கிளட்ச் பிளேட் அப்படியேதான் உள்ளே இருக்கும் என்பதால் உதறல் திரும்ப வரும். வாரண்டிக் காலம் இப்படித்தான் கரைகிறது. யாரும் முடியாது என்று சொல்வதில்லை, ஏதோ ஒன்று செய்துகொண்டே இருப்பார்கள்.

திருப்பம் வந்தது நேரத்தை மாற்றியபோது. உக்கடத்திலிருந்து சாயங்கால நெரிசலில் நேராக சர்வீஸ் சென்டருக்கே ஓட்டிப்போய், இன்ஜினை அணைக்காமல், ஃப்ளோரில் வேலை செய்கிற டெக்னீஷியனையே ஏறச் சொன்னேன். ஒர்க்ஷாப் வாசல் மேட்டில் ரிவர்ஸ் போட்டார். கார் உதறியது. நிறுத்தி, மறுபடி போட்டுப் பார்த்தார். "அண்ணா, நல்லாவே தெரியுது. கிளட்ச் செட்டைக் கழட்டிப் பார்க்கணும்" என்றார். பக்கத்து சீட்டில் அட்வைசர் இருந்ததால் பேச்சு அதோடு முடிந்தது.

அன்று ஜாப் கார்டில் என்ன எழுத வேண்டும் என்று நான்தான் சொன்னேன்: ‘நெரிசலில் சூடான பின் 2-லிருந்து 1-க்கு இறங்கும்போது உதறல், மேட்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது நடுக்கமும் வாடையும், டெக்னீஷியன் ஓட்டியபோதும் வந்தது.’ கிலோமீட்டர், தேதி எல்லாம் அதிலேயே இருக்கும். பழைய ஜாப் கார்டுகளின் நகலையும் கேட்டு வாங்கினேன். இது வாரண்டியில் திரும்பத் திரும்ப வரும் கோளாறு என்று நிரூபிக்க இந்தக் காகிதங்களை விட்டால் வேறு கதி இல்லை. போனில் சொன்னது, வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் எல்லாம் மேனேஜர் மாறினால் போச்சு.

அப்புறம் வந்தது அடுத்த பூதம். கிளட்ச் தேய்மானப் பொருளாம், வாரண்டியில் வராதாம், பாதிச் செலவு என்னுடையதாம். வாரண்டிப் புத்தகத்தில் பிரேக் பேட், வைப்பர் பிளேடு வரிசையில் கிளட்சும் இருந்தது உண்மைதான். ஈமெயிலில் நான் கேட்டது ஒரே கேள்வி: மேனுவல் காரில் கிளட்சைத் தேய்ப்பது ஓட்டுபவரின் கால், மிதியே இல்லாத இந்த வண்டியில் தேய்ப்பது உங்கள் கம்ப்யூட்டர், அதற்கு நான் எப்படிப் பொறுப்பு? அதற்கு நேரான பதில் கடைசி வரை வரவில்லை. ஏரியா மேனேஜர் வந்து பார்த்த பிறகு, ‘நல்லெண்ண அடிப்படையில்’ என்ற சொல்லோடு புது கிளட்ச் இலவசமாக வந்தது. உரிமையைச் சலுகையாகக் கொடுப்பதில் இவர்களை மிஞ்ச ஆளில்லை.

சில மாதத்தில் கிளட்சை இயக்கும் மின்னணு-ஹைட்ராலிக் யூனிட்டும் போனது. பார்ட் வரும்வரை வண்டி அங்கேயே கிடந்தது, மாற்றுக் கார் கிடையாது, ஆட்டோவும் டாக்ஸியும் என் செலவு. இந்த முறை 1915-ல், அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணில், புகாரைப் பதிவு செய்தேன். அது கோர்ட் அல்ல, கம்பெனிக்கு அனுப்பி பதில் கேட்கும், அவ்வளவுதான். ஆனாலும் அதன் பிறகு எனக்கு வந்த ஈமெயில்களின் வேகமே வேறு.

அமெரிக்காவில் ‘லெமன்’ சட்டம் என்று உண்டு. திரும்பத் திரும்பச் சரிசெய்தும் சரியாகாத புது வண்டியை கம்பெனி திரும்ப எடுக்கவோ மாற்றித்தரவோ வேண்டும். இந்தியாவில் காருக்கென்று அப்படித் தனிச் சட்டம் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான் வழி. பழைய சட்டத்தைவிட இதில் ஒரு வசதி, கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 50 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருள் அங்கே வரும், கட்டணம் அதிகபட்சம் 1000 ரூபாய்தான். வழக்குக்குக் காரணமான சம்பவத்திலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். தயாரிப்புக் குறையை நிரூபிக்கச் சோதனைக்கூட அறிக்கையோ நிபுணர் கருத்தோ தேவைப்படலாம். என் விஷயம் அதுவரை போகவில்லை.

வாரண்டிப் புத்தகத்தில் பொடி எழுத்தில் இன்னொன்று இருக்கிறது. வாரண்டியில் மாற்றிய பார்ட்டுக்குப் புது வாரண்டி கிடையாது, காரின் மீதிக் காலம் மட்டும்தான். எனக்கு யூனிட் மாற்றியபோது மீதி இருந்தது கொஞ்சமே. அதனால் கூடுதல் பணம் கட்டிக் காலத்தை நீட்டிக்கும் எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்கினேன். முதல் வாரண்டி தீர்ந்த பிறகு போனால் பெரும்பாலும் தரமாட்டார்கள், தந்தாலும் இன்ஸ்பெக்ஷன், கூடுதல் பணம் என்று இழுப்பார்கள். பாலிசியில் கியர்பாக்ஸ் எலக்ட்ரானிக்ஸ் இருக்கிறதா என்று பார்த்தே பணம் கட்டினேன்.

இப்போது வண்டி நன்றாக ஓடுகிறது. நெரிசலில் முன்வண்டியோடு ஒட்டி ஊர்வதில்லை, ஒரு கார் நீளம் இடம் விழுந்த பிறகு நகர்கிறேன். நிற்கும்போது பிரேக்கை முழுசாக மிதிக்கிறேன், அப்போதுதான் கிளட்ச் விடுபடும். மேட்டில் ஆக்சிலரேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்துவதே இல்லை. இத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய ஆட்டோமேட்டிக்குக்கு இப்படிச் சேவகம் செய்வது எரிச்சல்தான். தினமும் நகருக்குள் ஓடுபவர்கள் கிளட்சைத் தேய்க்காமல் ஆயில் வழியாகச் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக் வண்டியைப் பாருங்கள். வாரம் இரண்டு முறை திருச்சி, பெங்களூரு போகிறவர்களுக்கு இதை இப்போதும் சிபாரிசு செய்வேன்.

எக்ஸ்டெண்டட் வாரண்டி தீருவதற்கு முன் விற்றுவிடலாம் என்று உத்தேசம். வாங்குபவரிடம் ஜாப் கார்டு ஃபைலையும் சேர்த்தே கொடுப்பேன். விலையில் கொஞ்சம் அடிபடும் என்று புரோக்கர் இப்போதே சொல்லிவிட்டார்.