கோடில்லாத அணில்: ஏர் ரைபிள் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஏர் ரைபிள், அதாவது காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கி வாங்க நினைப்பவர்களும், ஏற்கெனவே வாங்கி பீரோ மேல் வைத்திருப்பவர்களும் தயவுசெய்து இதைப் படியுங்கள். எனக்கு 18,500 ரூபாய் போனது. பணம்கூடப் பரவாயில்லை. என் அக்கா மகன் வனத்துறை வழக்கில் மாட்டியிருப்பான், அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

செங்குன்றத்தில் சின்னதாக ஓர் அரிசி மண்டி வைத்திருக்கிறேன். இந்தத் தை மாதம் குடோனில் பெருச்சாளித் தொல்லை தாங்க முடியவில்லை. ஒரே ராத்திரியில் நாலைந்து மூட்டையைக் கிழித்துவிடும். மருந்து வைக்கலாம் என்றால் அரிசிக்குப் பக்கத்தில் வைக்க மனசு வரவில்லை. அக்கா மகன்தான், "மாமா, ஏர் ரைபிள் வாங்கினால் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம்" என்றான். சரி என்று சிட்டியில் ஒரு கடைக்குப் போனோம்.

கடைக்காரர் நன்றாகத்தான் பேசினார். "லைசென்ஸே வேண்டாம் சார். அரசாங்கமே லைசென்ஸ் வேண்டாம் என்று விட்டிருக்கும்போது சுடுவதற்கு யார் தடை சொல்வார்கள்?" என்றார். கூடவே பளபளவென்று லேமினேட் செய்த ஒரு துண்டுச்சீட்டையும் கொடுத்தார். மேலே 'சட்டப்படி சுடக்கூடியவை' என்று தலைப்பு. கீழே எலி, முயல், அணில், காகம், வால்காக்கை, காட்டுப்புறா, ஒவ்வொன்றுக்கும் படத்தோடு. நான் நம்பினேன். அச்சடித்துக் கொடுக்கிறார்களே, விசாரிக்காமலா கொடுப்பார்கள் என்று நினைத்தேன்.

முதல் நாள் ராத்திரி குடோனில் காத்திருந்தோம். டார்ச் அடித்தபோது மேலே உத்தரத்தில் இரண்டு கண் மின்னியது. புறா என்று நினைத்துப் பையன் குழலைத் தூக்கிவிட்டான். வெள்ளையாக, இதய வடிவத்தில் ஒரு முகம் மெதுவாகத் திரும்பி எங்களைப் பார்த்தது. கூகை ஆந்தை. நான் குழலைப் பிடித்துக் கீழே அமுக்கினேன். எனக்காக ராத்திரி முழுக்கச் சம்பளம் வாங்காமல் எலி பிடித்துக்கொண்டிருந்த ஜீவன் அது.

அதற்கப்புறமும் புத்தி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைப் பக்கம் முயல் பார்க்கப் போகலாம் என்று பையன் நண்பர்களோடு கிளம்பினான். நானும் தடுக்கவில்லை. சீட்டில்தான் முயல் இருக்கிறதே! டீக்கடையில் எங்களைத் துப்பாக்கிப் பையோடு பார்த்துவிட்டு, எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற வனக்காப்பாளர் ஒருவர் நிறுத்தினார். அந்தப் பெரியவரை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

சீட்டை வாங்கிப் பார்த்தவர் அணில் படத்தில் விரலை வைத்தார். "தம்பி, இந்த அணிலுக்கு முதுகில் கோடு எங்கே?" என்றார். அதுவரைக்கும் நாங்கள் யாருமே கவனிக்கவில்லை. சாம்பல் நிறத்தில், மொட்டை முதுகோடு இருந்தது. அது நம்ம ஊர் அணிலே இல்லை. பையன் அங்கேயே போனில் தேடினான். இங்கிலாந்தில் ஏர் ரைபிளால் எதைச் சுடலாம் என்ற பட்டியல் கிடைத்தது. முயல், சாம்பல் அணில், பழுப்பு எலி, காகம், மேக்பை, மரப்புறா. அதை அப்படியே தமிழில் மாற்றி, மேக்பை என்ற அந்த ஊர்ப் பறவைக்கு வால்காக்கை என்று போட்டிருக்கிறார்கள். அங்கேயும் நிலத்துக்காரர் அனுமதி வேண்டும், பறவைகளுக்கு அரசின் பொது உரிம நிபந்தனைகள் இருக்கின்றன. அந்த வரிகளை எல்லாம் வெட்டிவிட்டார்கள்.

நம் நாட்டில் 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம்தான் செல்லும். அந்தச் சட்டத்தோடு இணைத்திருக்கும் பாதுகாப்பு அட்டவணையில் உள்ள எந்த உயிரையும் நாமாகப் போய் வேட்டையாட முடியாது. துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையா இல்லையா என்பது வேறு சட்டம், எதைச் சுடலாம் என்பது வேறு சட்டம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் கடையில் விற்கிறார்கள். காட்டு முயல் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. காகமும் எலியும் முன்பு தீங்குயிர்கள் (வேட்டையாடத் தடையில்லாதவை) என்று ஐந்தாம் அட்டவணையில் தனியாக இருந்தன. 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது அந்த அட்டவணையையே எடுத்துவிட்டார்கள். காகம் இப்போது இரண்டாம் அட்டவணையில். தண்டனை மூன்று வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். குறி தவறிப்போனாலும் தப்ப முடியாது, ஏனென்றால் முயற்சி செய்வதும் சட்டத்தில் வேட்டைதான். பறவையின் முட்டையை, கூட்டைக் கலைப்பதும் அப்படியே.

பெரியவர் அடுத்துக் கேட்டது குண்டு டப்பாவை. விலை ஸ்டிக்கரை நகத்தால் கிள்ளி எடுத்தார். அடியில் 0.22 என்று இருந்தது. எனக்குப் பகீரென்றது. லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளக்கூடியது 0.177 அங்குலம், அதாவது 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகாத, குண்டு குழலை விட்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாத ஏர் ரைபிள் மட்டும்தான். லேத் பட்டறையில் கொடுத்துக் குழலின் துளையை வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து பார்த்தோம். 5.5 மில்லிமீட்டர். பில்லில் என்ன போட்டிருக்கிறார்கள் தெரியுமா? 'விளையாட்டுப் பொருள் - 1'. அவ்வளவுதான்.

திருப்பிக் கொடுக்கப் போனபோது அதே கடைக்காரர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "நாங்கள் கொடுத்தது இதுதான் என்று பில்லில் இருக்கிறதா?" என்று கேட்டார். சீட்டைக் காட்டினால், அது கம்பெனிக்காரன் வைத்தது என்றார். பேசிப் பிரயோஜனம் இல்லை என்று வக்கீல் ஒருவரைப் பார்த்து, நடந்ததை எழுதிக் கொடுத்து, துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கினேன். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரும் பதிவு செய்திருக்கிறேன். பில் இவ்வளவு மொட்டையாக இருப்பதால் பணம் வரும் என்ற நம்பிக்கை எனக்கு அதிகம் இல்லை.

வாங்கித்தான் ஆக வேண்டும், குறி பார்த்துப் பழகத்தான் வேண்டும் என்பவர்கள் பில்லில் மாடல், குழல் அளவு, வரிசை எண் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். குண்டு டப்பாவில் ஸ்டிக்கர் இருந்தால் கடையிலேயே பிரித்துப் பாருங்கள். எந்த உயிரைச் சுடலாம் என்று கடைக்காரரிடம் கேட்காதீர்கள், அவர் விற்கத்தான் உட்கார்ந்திருக்கிறார். வனச்சரக அலுவலகத்தில் போய்க் கேளுங்கள்.

குடோனில் இப்போது கூண்டுப் பொறி ஆறு வைத்திருக்கிறேன். சுவர் ஓட்டைகளைச் சிமெண்ட் போட்டு அடைத்தாயிற்று. உத்தரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஜன்னலை மட்டும் கூகை வந்து போக விட்டிருக்கிறேன்.

கோடில்லாத அணில் படம் போட்ட அந்தச் சீட்டு உங்கள் யாரிடமாவது இருந்தால் தூக்கி எறியாதீர்கள். பில்லோடு சேர்த்துப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். நான் ஒருவன் மட்டும் காட்டினால் கம்பெனிக்காரன் வைத்தது என்று மறுபடியும் சொல்லிவிடுவார்கள்.