ஒட்டிய கன்னத்துக்கு எந்த ஊசி?

"என்ன, உடம்பு சரியில்லையா?" என்று நாலு பேர் கேட்ட பிறகுதான் பலர் கண்ணாடியை உற்றுப் பார்க்கிறார்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. ராத்திரி நன்றாகத் தூங்கி எழுந்த முகம்தான். ஆனால் கன்னம் ஒட்டியிருக்கிறது, கண்ணுக்குக் கீழே குழி விழுந்திருக்கிறது, நெற்றிப்பொட்டு உள்வாங்கிவிட்டது. அப்புறம் தேடல் ஃபில்லரில், அதாவது பள்ளத்தை நிரப்ப முகத்தில் போடும் ஊசி மருந்தில், வந்து நிற்கிறது.

தேடினால் முதலில் கண்ணில் படுவது 'இது ஒரு வருஷம் நிற்கும், அது ரெண்டு வருஷம் நிற்கும்' என்ற கணக்கு. நான் ஒப்பிடுவதானால் அதிலிருந்து தொடங்க மாட்டேன். போட்டது பிடிக்கவில்லை, அல்லது தப்பாகப் போய்விட்டது என்றால் திரும்ப எடுக்க முடியுமா? அதைத்தான் முதலில் கேட்பேன். மற்றதெல்லாம் அதற்கு அடுத்தபடி.

அதற்கும் முன்னால் ஒரு சின்னச் சோதனை. உட்கார்ந்தபடி கைக்கண்ணாடியில் முகத்தைப் பாருங்கள். பிறகு மல்லாந்து படுத்து, அதே கண்ணாடியை முகத்துக்கு மேலே பிடித்துப் பாருங்கள். படுத்ததும் முகம் பத்து வயது குறைந்தது போல இருந்தால், உங்கள் பிரச்சினை பெரும்பாலும் தொய்வு. படுத்த பிறகும் பள்ளம் பள்ளமாகவே இருந்தால், உள்ளே சதைப்பற்று குறைந்திருக்கிறது. ஃபில்லர் இரண்டாவதற்கானது. தொய்வைத் தூக்கி நிறுத்த ஃபில்லரை மேலும் மேலும் ஏற்றினால் கிடைப்பது இளமை இல்லை, ஊதிய முகம். தொய்வுதான் பெரிது என்றால் பேச்சு ஃபேஸ்லிஃப்ட் என்ற முகத்தை இழுத்துத் தைக்கும் அறுவை சிகிச்சைப் பக்கம் போக வேண்டும். கோபப்படும்போதும் சிரிக்கும்போதும் விழும் கோடுகளுக்கு போடாக்ஸ். அது தசையைத் தளர்த்தும், பள்ளத்தை நிரப்பாது.

பள்ளம் ஏன் விழுகிறது? வயது ஏற ஏற எலும்பே கரைகிறது. கண்குழியின் விளிம்பு விரிகிறது, மேல்தாடை பின்வாங்குகிறது. அதன் மேலிருக்கும் கொழுப்பும் ஒரே விரிப்பாக இல்லை. 2007-இல் ரோரிக், பெஸ்ஸா என்ற இரு மருத்துவர்கள் இறந்தவர்களின் முகத்தில் நீலச் சாயத்தைச் செலுத்திப் பார்த்தார்கள். சாயம் முகமெங்கும் பரவாமல் அறை அறையாகத் தேங்கி நின்றது. முகக் கொழுப்பு தனித்தனி அறைகளில் இருக்கிறது, ஒவ்வோர் அறையும் தன்போக்கில் வற்றும் என்ற எண்ணம் அங்கிருந்துதான் வலுத்தது. மூக்கோரத்திலிருந்து வாயோரத்துக்கு இறங்கும் கோட்டைக் காட்டி "இதை நிரப்புங்கள்" என்று நீங்கள் கேட்க, மருத்துவர் கன்னத்தின் மேட்டில் பென்சிலால் குறி போடுவது இதனால்தான். கோடு தெரியும் இடம் வேறு, குறை இருக்கும் இடம் வேறு.

சரி, ஊசிகளுக்கு வருவோம்.

ஹையலூரோனிக் அமிலம்

அதிகம் போடப்படுவது இதுதான். நம் தோலிலேயே இருக்கும் ஒரு சர்க்கரைச் சங்கிலி, தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்படியே செலுத்தினால் உடம்பு சில நாளில் கரைத்துவிடும் என்பதால், சங்கிலிகளை ஒன்றோடொன்று பின்னி ஜெல்லாக்குகிறார்கள். இந்த வகையில் ரெஸ்டிலேன் என்ற மருந்து 2003 கடைசியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதி பெற்றது, பிறகு ஜூவிடெர்ம் வந்தது. அதே குடும்பத்து வொலூமாவுக்குக் கன்னத்தை நிரப்ப என்றே 2013-இல் அனுமதி கிடைத்தது.

"நான் ஹையலூரோனிக் போட்டேன்" என்பது பாதித் தகவல். கன்னத்துக்கும் தாடைக்கும் போடுவது கெட்டியான ஜெல், உதட்டுக்கும் கண்ணுக்கடியிலும் போடுவது இளக்கமானது. கண்ணுக்கடியில் தோலை ஒட்டி மேலாகப் போட்டுவிட்டால் ஜெல் வழியே ஒளி சிதறி, நீலம் பூத்தாற்போல ஒரு நிழல் தெரியும். கருவளையத்தைப் போக்கப் போய் இன்னொரு வளையம் வாங்கி வந்த கதை.

ஒரு சிரிஞ்சில் இருப்பது 1 மில்லி. ஒரு டீஸ்பூன் 5 மில்லி. அப்படியென்றால் ஒரு சிரிஞ்சு என்பது டீஸ்பூனில் ஐந்தில் ஒரு பங்கு. அதை இரண்டு கன்னத்துக்கும் பிரித்துப் போட்டால் எவ்வளவு தெரியும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஒன்று போட்டதும் முகமே மாறிவிடும் என்று பயப்படவும் வேண்டாம், ஆசைப்படவும் வேண்டாம். கொஞ்சம் போட்டு, சில வாரம் பொறுத்து, பிறகு தேவையென்றால் கூட்டும் மருத்துவரிடம்தான் நான் போவேன்.

எத்தனை நாள் நிற்கும்? பொதுவாக 6 முதல் 18 மாதம் என்பார்கள். வொலூமா 2 வருஷம் வரை. ஆனால் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்ததில், பல வருஷம் முன்பு போட்ட ஜெல் இன்னும் முகத்தில் இருந்ததுண்டு. நாள் ஆகிவிட்டது என்பதற்காக மட்டும் மறுபடி போட்டால், பழையதன் மேல் புதியது ஏறும்.

இதையெல்லாம் தாண்டி இதற்கு ஒரு பலம் உண்டு. ஹையலூரோனிடேஸ் என்ற நொதியை ஊசியாகப் போட்டால் கரைந்துவிடும், பெரும்பாலும் ஓரிரு நாளிலேயே. தேனீ, குளவி கொட்டி ஒவ்வாமை வந்தவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும், அந்த விஷத்திலும் இந்த நொதியின் உறவுக்காரர் இருக்கிறார். கீழே சொல்லப்போகும் எதற்கும் இப்படி ஒரு மாற்று மருந்து கிடையாது.

கால்சியம் ஹைட்ராக்ஸி அபடைட்

ரேடியஸ் என்ற பெயரில் வருவது, 2006-இல் அனுமதி பெற்றது. எலும்பிலும் பல்லிலும் இருக்கும் தாதுவை நுண்ணிய உருண்டைகளாக்கி ஜெல்லில் கலந்திருப்பார்கள். சில மாதத்தில் ஜெல் போய்விடும், உருண்டைகள் இருந்து, தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜனைத் தூண்டும். ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் நிற்கும். தாடைக் கோட்டுக்குக் கச்சிதம். உதட்டுக்கும் கண்ணுக்கடியிலும் கூடாது, வெள்ளை வெள்ளையாய் முடிச்சு விழும். இன்னொன்று, இது எக்ஸ்ரேயிலும் சிடி ஸ்கேனிலும் தெரியும். பல் மருத்துவர் படத்தைப் பார்த்துத் திகைப்பதற்குள் சொல்லிவிடுங்கள்.

பாலி எல் லாக்டிக் அமிலம்

ஸ்கல்ப்ட்ரா. கரையும் தையல் நூல்களின் உறவுக்காரப் பொருள். எச்ஐவி நோயாளிகளின் முகக் கொழுப்பு வற்றிப்போனதைச் சரிசெய்ய 2004-இல் அனுமதி பெற்றது, அழகுக்காகப் போட அனுமதி 2009-இல் வந்தது.

இது தானாக நிரப்புவதில்லை, உங்கள் உடம்பை நிரப்ப வைக்கிறது. போட்ட அன்று முகம் அழகாகப் புடைத்திருக்கும். மகிழ வேண்டாம், அது கலந்த தண்ணீர். இரண்டு மூன்று நாளில் வடிந்து பழைய முகம் திரும்பும். போட்ட காசு போச்சே என்று மனசு கலங்கும் கட்டம் அது. கொலாஜன் ஊற வாரக்கணக்கு, மாதக்கணக்கு ஆகும். நாலைந்து வாரம் விட்டு விட்டு இரண்டு, மூன்று முறை போட வேண்டியிருக்கும். வீட்டில் ஐந்து நாளைக்குத் தினம் ஐந்து முறை ஐந்தைந்து நிமிடம் முகத்தைத் தேய்த்துவிடச் சொல்வார்கள். முடிச்சு விழாமல் இருக்க இந்த ஐந்தைந்தைந்துக் கணக்கு.

பொறுமைக்காரர்களுக்கு நல்ல மருந்து. முகம் முழுக்க மெலிந்தவர்களுக்கு மெல்ல மெல்ல நிரம்புவதால், ஏதோ செய்திருக்கிறார்கள் என்று பக்கத்து மேசைக்காரருக்குக்கூடத் தெரியாது. பலன் 2 வருஷம் வரை நிற்கும். முடிச்சு விழுந்தால் அதுவும் கூடவே நிற்கும். ஒரே ஒரு பள்ளத்தை மட்டும் அளந்து நிரப்ப இது தோதில்லை.

நிரந்தரம் என்று சொல்பவை

இங்கே நான் நடுநிலை வகிக்கப்போவதில்லை. அக்ரிலிக் உருண்டைகளை மாட்டுக் கொலாஜனில் கலந்த பெல்லாஃபில் அனுமதி பெற்ற மருந்துதான். முன்கூட்டியே தோலில் ஒவ்வாமைச் சோதனை செய்துதான் போடுவார்கள். ஆனால் உங்கள் முகம் மாறிக்கொண்டே போகும், இது மாறாது. பல வருஷம் கழித்துக் கட்டி கிளம்பினால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். முகத்தை நிரப்ப ஊசியில் போடும் திரவ சிலிக்கோனுக்கு எஃப்டிஏ அனுமதியே இல்லை. 1899-இல் வியன்னாவின் கெர்சூனி என்ற அறுவை மருத்துவர் பாரஃபினை ஊசியில் ஏற்றத் தொடங்கினார். உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. பிறகு வருஷக்கணக்கில் கட்டி கட்டியாக அது வெளியே வந்தது. 'ஒரே முறை, ஆயுளுக்கும்' என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தப் பாரஃபின்தான் நினைவுக்கு வருகிறது.

சொந்தக் கொழுப்பு

வயிற்றிலோ தொடையிலோ உறிஞ்சி எடுத்து, சுத்தம் செய்து, முகத்தில் துளித்துளியாக வைப்பது. நிறைய நிரப்ப வேண்டியவர்களுக்குச் சிரிஞ்சு சிரிஞ்சாக வாங்குவதைவிட இது பொருந்தும். ஆனால் இது அறுவைக்கூட வேலை. வைத்ததில் ஒரு பகுதி ஒட்டாமல் கரைந்துபோகும், எவ்வளவு என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒட்டியது உயிருள்ள கொழுப்பு, உங்கள் எடை கூடினால் அதுவும் பெருக்கும்.

நம்ம கொழுப்புதானே, ஆபத்து என்ன என்று தோன்றும். ஊசியால் பார்வை போனவர்கள் என்று மருத்துவ இதழ்களில் பதிவான 98 பேரின் விவரத்தை 2015-இல் தொகுத்தார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குப் போட்டிருந்தது சொந்தக் கொழுப்பு.

அந்த ஆபத்து எல்லா ஃபில்லருக்கும் பொது. அரிதுதான். ஆனால் மருந்து ரத்தக் குழாய்க்குள் போய் அடைத்தால் தோல் வெளுக்கும், சுருக்கென்று கடும் வலி வரும், பிறகு வலை பின்னினாற்போல நீலம் பாயும். புருவ நடுவும் மூக்கும் மோசமான இடங்கள், அங்கிருக்கும் குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாயோடு சேர்கின்றன. ஊசிக்குப் பதில் நுனி மழுங்கிய கேனுலா என்ற மெல்லிய குழாய் ஆபத்தைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது. ஜெல் என்றால் உடனே நொதியைக் கொட்டித் தோலைக் காப்பாற்றப் பார்க்கலாம். பார்வை விஷயத்தில் அதற்கும் உத்தரவாதம் இல்லை. ஆகவே "ஹையலூரோனிடேஸ் இப்போது உங்கள் அலமாரியில் இருக்கிறதா?" என்று கேளுங்கள். கேட்டதும் முகம் சுளிப்பவரிடம் ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம். அழகு நிலையம், வீட்டு விருந்து, இணையத்தில் வாங்கிய சிரிஞ்சு இவற்றைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

யாருக்கு எது? முதல் முறை என்றால் ஹையலூரோனிக்கைத் தாண்டி யோசிக்கவே மாட்டேன். முகம் முழுக்க வற்றி, அவசரமும் இல்லை என்றால் ஸ்கல்ப்ட்ரா. ஜெல் போட்டுப் பழகி, தாடை மட்டும் எடுப்பாக வேண்டும் என்றால் ரேடியஸ். எடை குறைப்பு ஊசி போட்டு இப்போதுதான் மளமளவென்று இளைத்துக்கொண்டிருப்பவர்கள் எடை ஓரிடத்தில் நிற்கும்வரை எதையும் போடாமல் இருப்பது நல்லது, இன்றைய அளவு அடுத்த மாதம் பொருந்தாது. கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் தள்ளிப்போட வேண்டும். எதுவுமே போடாமல் விடுவதும் இந்தப் பட்டியலில் ஒரு தேர்வுதான், படுத்துப் பார்த்த கண்ணாடியில் பெரிதாக ஒன்றும் தெரியாதவர்களுக்கு அதுவே சரி.

போட்டுக்கொண்டால், சிரிஞ்சுப் பெட்டியில் மருந்தின் பெயரும் லாட் எண்ணும் (தயாரிப்புத் தொகுதி எண்) அச்சிட்ட ஒட்டுத்தாள் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி வாருங்கள். மூன்று வருஷம் கழித்துக் கன்னத்தில் ஏதோ தட்டுப்படுகிறதென்று வேறொரு மருத்துவரிடம் போனால், அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.