ஒன் மோர் டைம்: தாளம் நிற்கும் இடத்தில் தேறும் பாட்டு

புதுச்சேரியில் வார இறுதி இரவுகளில் ரெஸ்டோ பார்களிலிருந்து தெருவுக்கு வந்து விழும் மின்னணு நடன இசையில் பெரும்பகுதி அடுத்த ஆண்டு யாருக்கும் நினைவிராது. அந்த வரிசையில் இன்றும் விடாமல் ஒலிக்கும் ஒன்று, பாரிஸைச் சேர்ந்த டாஃப்ட் பங்க் குழுவின் 'ஒன் மோர் டைம்'. தோமா பங்கால்தேர், கீ மானுவேல் தெ ஒமெம் கிறிஸ்தோ ஆகிய இருவர் மட்டுமே கொண்ட அக்குழு 2000 நவம்பரில் இதைத் தனிப்பாடலாக வெளியிட்டது; அடுத்த ஆண்டு வந்த 'டிஸ்கவரி' தொகுப்பின் முதல் பாட்டும் இதுவே. ஜூலை, ஆகஸ்ட் விடுமுறைக்குப் பிரான்சிலிருந்து உறவினர்கள் வந்து இறங்கும் வீடுகள் நிறைந்த ஊர் இது என்பதால், எங்களில் பலருக்கு இந்தப் பாட்டு வானொலி வழியாக வரவில்லை. அத்தை மகனின் பெட்டியில், சாக்லேட்டுக்கும் வாசனைத் திரவியத்துக்கும் நடுவே, சிடியாகத்தான் வந்து சேர்ந்தது.

தொடக்கம் எளிமையானது. அடுத்த தெருக் கல்யாண மண்டபத்து வாத்தியம் சுவரைத் தாண்டி வருவதுபோல, பித்தளை ஊதுகருவிகளின் ஓர் இசைச் சொற்றொடர் மங்கலாகத் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. மேல் அதிர்வெண்களை அடைத்து வைத்திருக்கும் ஃபில்டரைப் படிப்படியாகத் திறப்பதால், அதே சொற்றொடர் பளபளவென்று முன்னே வருகிறது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 123 தாள அடி என்ற வேகத்தில் கிக் (தாளத்தைத் தாங்கும் கனத்த டிரம் ஒலி) விழும்போதெல்லாம் மற்ற ஒலிகள் ஒரு கணம் அமுங்கி மீண்டும் எழுகின்றன. பாட்டு மூச்சு வாங்குவதுபோன்ற உணர்வு உரத்த ஒலியை அமுக்கும் கருவியான கம்ப்ரெஸ்ஸரின் இந்த வேலையால் வருவது. இதுவரை திறமையான கைவேலை, அவ்வளவே. இதே முறையில் பாட்டுக் கட்டியவர்கள் அக்காலப் பிரான்சில் பலர் இருந்தார்கள்.

பாட்டின் தகுதியைத் தீர்மானிப்பது அதன் நடுப்பகுதி. ஆட்டம் சூடுபிடித்த நேரத்தில் கிக் முழுவதுமாக நின்றுவிடுகிறது. ஒரு நிமிடத்துக்கும் மேலாக, மெத்தென்ற சுரக்கூட்டுகளின் மேல் பாடகர் தனியாகப் பாடிக்கொண்டிருக்கிறார். ஆட வந்தவர்களை இவ்வளவு நேரம் காக்க வைப்பது நடன இசையின் வழக்கத்துக்கு மாறானது, அக்காலத்தில் முணுமுணுப்பு எழுந்ததில் வியப்பில்லை. இங்குள்ள ஒரு ரெஸ்டோ பாரில் இந்த இடம் வந்ததும், கூட்டம் கலைந்து மேசைக்குத் திரும்பிவிடும் என்ற பயத்தில், டிஜே ஃபேடரைத் தள்ளி அடுத்த பாட்டுக்குத் தாவியதைப் பார்த்திருக்கிறேன். அவர் வெட்டி எறிந்தது பாட்டின் உயிர்நிலையை. அந்த நீண்ட இடைவெளியில் கைகள் தாமாக மேலே போகின்றன, பக்கத்தில் நிற்பவரின் முகம் கண்ணில் படுகிறது, கிக் திரும்ப விழும்போது அரங்கமே ஒரே நேரத்தில் குதிக்கிறது. காத்திருக்க வைக்காத பாட்டில் இந்தக் குதிப்பு கிடைக்காது.

குரலைப் பற்றியும் சர்ச்சை இருந்தது. பாடியவர் அமெரிக்காவின் நியூ ஜெர்சியைச் சேர்ந்த ரோமன்தனி, நல்ல சாரீரம் உள்ளவர், 2013இல் காலமானார். அவர் குரலைச் சுருதி திருத்தும் மென்பொருளான ஆட்டோ டியூனில் போட்டு இயந்திரக் குரலாக ஆக்கிவிட்டார்கள் என்று குறை கூறப்பட்டபோது, எழுபதுகளின் இறுதியில் பிரான்சில் இசைக்கலைஞர்கள் மின்னணு இசைக்கருவியான சிந்தசைசரைத் தடை செய்ய முயன்றதைத்தான் இது நினைவூட்டுகிறது என்று பங்கால்தேர் பதில் சொன்னார். நம் நாட்டு வானொலியில் ஆர்மோனியத்துக்கு 1940 முதல் 1971 வரை இடமில்லாதிருந்ததை அறிந்தவர்களுக்கு இந்த வாதம் புதிதாக இராது. ஆயினும் குறை சொன்னவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு என்பது என் கருத்து. நடுப்பகுதியில் அந்த உலோகக் குழைவு அழகாகப் பொருந்துகிறது. இறுதிப் பகுதியிலோ ஒரே தலைப்புச் சொற்கள் அதே பூச்சோடு மீண்டும் மீண்டும் வர, சற்றே அலுப்பு தட்டுகிறது.

பிரான்சில் முதலிடம், பிரிட்டனில் இரண்டாமிடம், அமெரிக்க ஹாட் 100 பட்டியலில் வெறும் 61 என்பது விற்பனைக் கணக்கு. விமர்சகர்கள் கணக்கு இன்னும் சுவையானது. அமெரிக்காவின் பிட்ச்ஃபோர்க் இதழ் 2001இல் 'டிஸ்கவரி' தொகுப்புக்குப் பத்துக்கு 6.4 மதிப்பெண் போட்டது; குழு கலைந்த 2021ஆம் ஆண்டில் அதே இதழ் அந்த மதிப்பெண்ணைப் பத்தாகத் திருத்தியது. ஆடியவர்கள் முதல் வாரத்திலேயே சொன்னதை எழுதுகிறவர்கள் ஒப்புக்கொள்ள இருபது ஆண்டுகள் பிடித்திருக்கிறது.

பாராட்டுகளுக்கு நடுவே ஒரு கறையையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பித்தளைச் சொற்றொடர் எடி ஜான்ஸ் என்ற பாடகரின் 1979ஆம் ஆண்டு டிஸ்கோ பாட்டான 'மோர் ஸ்பெல் ஆன் யூ'விலிருந்து துண்டு துண்டாக வெட்டி, வரிசை மாற்றி ஒட்டப்பட்டது. 'டிஸ்கவரி' தொகுப்பின் உறையில் மற்றச் சில மூலப்பாட்டுகளுக்கு நன்றி தெரிவிக்கப்பட்டிருக்க, இவர் பெயர் இல்லை. மூலப்பாட்டின் உரிமை ஒரு பிரெஞ்சு நிறுவனத்திடம் இருந்ததால் பணம் அங்கே போனது. லாஸ் ஏஞ்சலிஸில் வீடின்றி வாழ நேர்ந்த எடி ஜான்ஸுக்கு எதுவும் வந்து சேரவில்லை என்பது 2021இல்தான் செய்தியாக வெளிவந்தது. சட்டப்படி எல்லாம் சரியாக இருந்திருக்கலாம், ஆனால் உறையில் ஒரு பெயரை அச்சிட என்ன செலவு ஆகியிருக்கும்?

நீல நிறத் தோலுடைய இசைக்குழு தோன்றும் இப்பாட்டின் ஜப்பானிய அனிமேஷன் காணொளி, சித்திரக்கதைக் கலைஞர் லெய்ஜி மாட்சுமோட்டோவின் மேற்பார்வையில் உருவானது. குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கலாம்.

கேட்க விரும்புவோர் பதிப்பைக் கவனித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான்கு நிமிடத்துக்குள் முடியும் வானொலிப் பதிப்பில் நடுப்பகுதியைச் சுருக்கிவிட்டார்கள், அதைத் தவிர்ப்பது நல்லது. தொகுப்பில் உள்ள 5 நிமிடம் 20 விநாடிப் பதிப்பே முழுமையானது. எட்டு நிமிடப் பதிப்பு டிஜேக்களுக்கானது, வீட்டில் கேட்க நீளம் அதிகம். கைப்பேசி ஸ்பீக்கரில் கிக் கேட்காது என்பதால், அது நிற்பதும் திரும்புவதும் புரியாமலே போகும். சுமாரான ஹெட்ஃபோன் இருந்தாலே போதும். திருமண வரவேற்புக்கு டிஜே ஏற்பாடு செய்கிறவர்கள் முன்பணம் கொடுக்கும்போதே, நடுவில் வெட்டாமல் முழுப்பாட்டையும் போட வேண்டும் என்று சொல்லி வைப்பது உத்தமம்.